காணாமல் போன புதன்கிழமை

அத்தியாயம் 9

கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கடிதத்துக்கு நானூறு வயதுக்கு மேல் ஆகிறது என்று மூன்று நாளாக ஊரே நம்பிக்கொண்டிருந்தது. இன்று காலை பத்து மணிக்கு ஒருவர் வந்தார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், "இது போலி" என்று சொன்னார், போய்விட்டார். அந்த ஒற்றை வாக்கியத்தில் மூன்று மாடி நூலகமும் அஸ்திவாரத்தோடு ஆடிவிட்டது.

மதியம் ஒரு மணிக்கு அண்ணி வந்து சேர்ந்தபோது ஆட்டம் இன்னும் நிற்கவில்லை.

அண்ணி என்றால் கொழுந்தனாருக்கு மட்டும் அண்ணி இல்லை. தபால் இலாகாவில் விலாசம் தெரியாமல் திரும்பி வந்த கடிதங்களின் பிரிவில் இருபத்தேழு வருடம் உட்கார்ந்திருந்தவர். உறையில் இருக்கும் எண்ணெய்க் கறையை வைத்தே அனுப்பியவரின் மாமியாரைக் கண்டுபிடித்துவிடுவார். ஓய்வு பெற்ற மறுநாளே மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். வாசல் கதவிலிருந்து வாடிக்கையாளர் வரை எல்லாரும் அவரை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். இது கொழுந்தனாருக்குப் பிடிக்கவில்லை. அந்த உறவு முறைக்கு உலகத்தில் தான் ஒருவர்தான் உரிமையாளர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தனாருக்கு வயது நாற்பத்தெட்டு. மருந்து விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்துவிட்டு அண்ணியிடம் உதவியாளராகச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. இந்த இரண்டு வருடத்தில் அண்ணி அவரைப் பாராட்டியது ஒரே ஒரு முறை. அதுவும் அவரை அல்ல, அவர் கொண்டுவந்த குடையை.

நூலகத்தில் நிலவிய அமைதி சாதாரண அமைதி இல்லை. ஓர் எறும்பு இருமியிருந்தால் நான்கு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். நூலகர் அந்த அமைதியிலேயே முப்பது வருடம் ஊறியவர். தன் கல்யாணத்தில்கூட அவர் காதோடு காதாகத்தான் பேசினார் என்பார்கள்.

"கடிதத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க," என்றார் அண்ணி.

நூலகர் கிசுகிசுத்தார். "1583ல மணிலாவுலேர்ந்து எழுதினது. ஸ்பெயின் ராஜாவோட கப்பல்ல எழுத்தர் வேலை பாத்த ஒருத்தர், செவில் நகரத்துல இருந்த தன் சம்சாரத்துக்கு எழுதியிருக்கார். சரக்குக் கணக்கெழுதற ஆள். ஒரு பணக்காரர் சேத்து வைச்சிருந்து எங்களுக்குக் குடுத்துட்டுப் போனது."

"மணிலா எங்க, செவில் எங்க. பொண்டாட்டி கைக்குக் கடிதம் போகவே ரெண்டு வருஷம் ஆகியிருக்குமே," என்றார் கொழுந்தனார். "பதில் வர இன்னும் ரெண்டு வருஷம். சண்டையே போட முடியாது. குடுத்து வைச்ச ஜோடி."

யாரும் சிரிக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பேராசிரியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வழக்கை ஒப்படைத்தவர் அவர்தான். அந்தக் கப்பல் எழுத்தரின் கடிதங்களை முப்பது வருடமாக ஆராய்ச்சி செய்து, நானூற்று அறுபது பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. அதன் கடைசிப் புரூஃப் அவர் மடியில், பையோடு, பிறந்த குழந்தை போலக் கிடந்தது.

"பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கும்?" அண்ணி கேட்டார்.

"என் கழுத்துல," என்றார் நூலகர். "ஒரே ஒரு நாள்தான் கழட்டினேன். கண்காட்சிக்கு முந்தின நாள். மேடம்கிட்ட குடுத்தேன்."

"நான்தான் திறந்தேன், நான்தான் பூட்டினேன்," என்றார் பேராசிரியை. "அன்னிக்கு இந்த அறைக்குள்ள வந்தது மூணு பேர். பல்பு மாட்ட எலக்ட்ரீஷியன். விளக்க அட்டைகளை எடுத்துக்கிட்டு என் வீட்டுக்காரர். என் தப்பைத் தேடிக்கிட்டு சிவப்பு மை."

"சிவப்பு மைங்கறது?"

"காலையில வந்து போலின்னு சொன்னாரே, அந்த ஆள். எதிர்க் கட்டடத்துல அவரும் இதே ஸ்பெயின் சாம்ராஜ்ய வரலாறுதான். யார் புத்தகம் எழுதினாலும் வரிக்கு வரி சிவப்பு மையில தப்பு கண்டுபிடிச்சுப் பத்திரிகைக்கு அனுப்புவார். எப்படிப் போலின்னு தெரிஞ்சதுன்னு கேட்டதுக்கு, நாலு மணிக் கூட்டத்துல சொல்றேன்னுட்டுப் போயிட்டார்."

"நாலு மணிக்கு என்ன?"

பேராசிரியை கைக்குட்டையை விரல்களில் சுற்றினார். "நூலகக் குழு கூடுது. அதுக்குள்ள அசல் கிடைக்கலைன்னா போலீஸுக்குப் புகார். சாவி என்கிட்ட இருந்தது. அந்தக் கையெழுத்தை அச்சு அசலா எழுதத் தெரிஞ்ச ஆளும் நான்தான்னு எல்லாரும் சொல்லுவாங்க. திருடின்னு ஒரு தடவை காகிதத்துல ஏறிட்டா, நான் முப்பது வருஷம் எழுதினதுல ஒரு வரியைக்கூட இனிமே எவனும் நம்ப மாட்டான்."

அவர் குரல் அங்கே உடைந்தது. பிறகு இன்னொரு விதமாகக் கூர்மையானது.

"திருடு போனதைவிட எது எரியுது தெரியுமா? மூணு நாளா இதைப் பாத்துக்கிட்டே நின்னவ நான். கண்டுபிடிச்சது அவர்."

அண்ணி கண்ணாடி மேல் குனிந்து கடிதத்தைப் பார்த்தார். நாற்பது வரி. கொடி படர்ந்த மாதிரி எழுத்து. கொழுந்தனார் தன் வழக்கப்படி கண்ணில் பட்ட அச்செழுத்தையெல்லாம் படித்தார். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூட விடாதவர் அவர். விளக்க அட்டையில் 'கப்பல் எழுத்தரின் கடிதம், 1583' என்றும், கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும், 'ஏழு மொழிகளில் நாள்காட்டிகள்' என்றும் இருந்தது.

"அழகா எழுதியிருக்கு," என்றார் அண்ணி. "இவ்வளவு பொறுமையா எழுதற திருடனை நான் பாத்ததில்ல."

திருடனைக்கூடப் பாராட்டிவிட்டார். கொழுந்தனாருக்கு வயிறு எரிந்தது.

*

சிவப்பு மையின் அறை தெருவுக்கு எதிர்ப்பக்கக் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருந்தது. அறை முழுக்கப் புத்தகம். நாற்காலியில் புத்தகம், ஜன்னலில் புத்தகம், காபிக் கோப்பைக்கு மூடியாகப் புத்தகம். மேசைக்கு நேர் எதிரே, கண்ணை நிமிர்த்தினால் படும் தட்டில், பேராசிரியை இதுவரை எழுதிய அத்தனை புத்தகமும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் மூன்று மூன்று பிரதி. ஒவ்வொரு பிரதியிலும் முள்ளம்பன்றி முதுகு மாதிரி துண்டுக் காகிதங்கள் சிலிர்த்துக்கொண்டிருந்தன.

"சார், இது பொறாமையா, பக்தியா?" என்று கேட்டார் கொழுந்தனார்.

"ஆராய்ச்சி," என்றார் சிவப்பு மை. உயரமான, ஒல்லியான, தனிக்கட்டை மனிதர். சட்டைப் பையில் ஐந்து பேனா, ஐந்தும் சிவப்பு. "பொறாமையும் உண்டு. ஒளிக்க மாட்டேன். அந்தக் கடிதக் கட்டை நானும்தான் ஆராய்ச்சிக்குக் கேட்டு எழுதினேன். என் விண்ணப்பம் ஒரு நாள் லேட். ஒரு நாள். அந்த ஒரு நாளை நான் முப்பது வருஷமா மென்னுக்கிட்டு இருக்கேன்."

"அதான் பழி தீத்துட்டீங்க."

"தம்பி," என்று கொழுந்தனாரை அடக்கிவிட்டு அண்ணி உட்கார இடம் தேடினார். இல்லை. நின்றபடியே சாவகாசமாகச் சொன்னார். "உங்களை அதிகம் தொந்தரவு பண்ணல சார். காகிதம் புதுசா இருந்ததை வைச்சுத்தான் நீங்க கண்டுபிடிச்சீங்கன்னு நூலகர் சொல்லிட்டார். அதை உறுதி பண்ணிக்கத்தான் வந்தோம்."

நூலகர் அப்படி எதுவும் சொல்லவில்லை. கொழுந்தனார் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

"காகிதமா?" சிவப்பு மையின் காது மடல் சிவந்தது. "காகிதத்தைத் தடவிப் பாக்கறதுக்கு நான் என்ன பொட்டலம் கட்டறவனா? நான் படிச்சேங்க. அங்க நின்ன ஆயிரம் பேருல நான் ஒருத்தன்தான் படிச்சேன். மத்தவங்க எல்லாம் பாத்தாங்க."

"படிச்சதுல?"

"நாலு மணிக்குச் சொல்றேன்."

"காகிதம்னே எழுதிக்கறோம் சார். வாங்க தம்பி."

அண்ணி கதவுப் பிடியில் கை வைத்ததுதான் தாமதம்.

"கிழமை," என்றார் சிவப்பு மை, பல்லைக் கடித்துக்கொண்டு. "கிழமை தப்பு. உக்காருங்க."

ஒரு புத்தகக் குவியலைத் தானே தரையில் இறக்கி வைத்து நாற்காலியைக் காலி செய்தார். அதற்கப்புறம் அணை உடைந்தது.

"1582 அக்டோபர்ல நாள்காட்டியைத் திருத்தினாங்க. பத்து நாளை வெட்டி எறிஞ்சாங்க. நாலாம் தேதி படுத்தவன் எழுந்திரிச்சா பதினஞ்சாம் தேதி."

"அந்தப் பத்து நாளுக்குள்ள பொறந்த நாள் வர்றவங்க?"

"அந்த வருஷம் அவங்களுக்கு வயசாகல. ஸ்பெயின் ராஜா உடனே ஒத்துக்கிட்டார். ஆனா அவர் சாம்ராஜ்யம் பாதி உலகம் கிடக்கு. சேதி அட்லாண்டிக்கைத் தாண்டணும். மெக்சிகோவைக் கழுதை முதுகுல தாண்டணும். அப்புறம் பசிபிக். மணிலாவுக்குப் போய்ச் சேந்து அங்க மாத்தறதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் அந்தத் தீவுல பழைய கணக்குதான் ஓடிக்கிட்டிருந்தது. கடிதத்துல தேதி 1583 மார்ச் 20. பழைய கணக்குல அது புதன்கிழமை. அசல்ல புதன்னுதான் இருக்கு. அந்த அம்மாவோட புத்தகத்துலயும் புதன்தான், ஒரு பக்க அடிக்குறிப்போட. நல்ல அடிக்குறிப்பு." அதைச் சொல்லும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பெட்டியில இருக்கறதுல புதனைக் காணோம். ஞாயித்துக்கிழமைன்னு எழுதியிருக்கு."

"ஞாயிறுங்கறது குத்துமதிப்பா எழுதினதா?" என்றார் அண்ணி.

"அதுதான் வேடிக்கை. இன்னிக்கு நாம வைச்சிருக்கற கணக்குல பின்னாடி எண்ணிக்கிட்டே போனா அந்தத் தேதி கச்சிதமா ஞாயிறு."

"எழுதினவருக்கு ஸ்பானிஷ் தெரியுமா?"

"தெரியாது. எழுத்து வரைஞ்சதா இருக்கு, எழுதினதா இல்ல. பாஷை தெரிஞ்சவன் கை வார்த்தை முடியற இடத்துல மூச்சு விடும். இது மை தீர்ந்த இடத்துல எல்லாம் மூச்சு விட்டிருக்கு."

கொழுந்தனார் காத்திருந்த இடம் வந்துவிட்டது. "ஏன் சார், நீங்களே மாத்தி வைச்சுட்டு, வேணும்னே ஒரு தப்பையும் விட்டுட்டு, நீங்களே கண்டுபிடிச்சிருக்கலாமில்ல?"

சிவப்பு மை கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். கோபமில்லை. நெஞ்சில் குத்தப்பட்ட பார்வை.

"நான் செஞ்ச போலியில தப்பு இருக்குமா?" என்றார். "யோசிச்சுப் பேசுங்க. என்னைத் திருடன்னு சொல்லுங்க, தாங்கிக்கறேன். அந்த ஞாயித்துக்கிழமையைக் கொண்டுவந்து என் தலையில கட்டாதீங்க."

அண்ணி எழுந்தார். "உங்களுக்கு நல்ல கண்ணு சார்," என்றார்.

கொழுந்தனாருக்கு அன்றைக்கு இரண்டாவது முறையாக வயிறு எரிந்தது.

*

படி இறங்கும்போது மணி இரண்டே கால்.

"போச்சு," என்றார் கொழுந்தனார். "கையில இருந்த ஒரே ஆளும் நல்லவனாயிட்டான். மீதி அந்த எலக்ட்ரீஷியன்தான். பல்பு மாட்டிக்கிட்டே பழைய ஸ்பானிஷ்ல எழுதிட்டுப் போயிருப்பாரோ?"

"தம்பி, உங்களுக்குத் தெரியாத பாஷை. நாப்பது வரியை அப்படியே வரையறீங்க. ஒரு வால் பிசகல. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மாறிப்போகுது. ஏன்?"

"கவனம் சிதறியிருக்கும்."

"கவனம் சிதறினா தப்பா எழுதலாம். கணக்குப் போட்டுச் சரியா எழுத முடியுமா?"

கொழுந்தனார் ஒரு படியில் நின்றார்.

"எழுதினவர் தப்புப் பண்ணல," என்றார் அண்ணி. "தப்பைத் திருத்தியிருக்கார். 1583 மார்ச் 20, புதன்னு பாத்ததும் கை அரிச்சிருக்கு. வரலாறு தெரிஞ்சிருந்தா விட்டிருப்பார். வரலாறு தெரியல. பாஷையும் தெரியல. ஆனா ஏழு கிழமையோட பேர் மட்டும் ஸ்பானிஷ்ல தெரியும். நானூறு வருஷத்துக்கு முந்தின தேதிக்கும் கிழமை தெரியும். தப்பான கிழமை ஒண்ணு தன் கையால வெளிய போனா அன்னிக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு தொழில் உலகத்துல என்ன இருக்கு?"

கொழுந்தனாரின் மூளைக்குள் ஒரு பொடி எழுத்து பெரிதாகிக்கொண்டே வந்தது.

"ஏழு மொழிகளில் நாள்காட்டிகள்," என்றார் மெல்ல. "விளக்க அட்டையில போட்டிருந்தது. அட்டையைக் கொண்டுவந்தது..."

"அவங்க வீட்டுக்காரர்," என்றார் அண்ணி. "நல்லா படிச்சிருக்கீங்க தம்பி."

குடைக்கு அப்புறம் இதுதான். கொழுந்தனார் மீதிப் படிகளைப் பறந்து இறங்கினார்.

*

நாள்காட்டி அச்சகத்தில் அடுத்த வருடம் ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது. வாசல் பக்கம் ஜனவரி கட்டுக் கட்டாகக் கிடந்தது. இரண்டு பெண்கள் ஆகஸ்டுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் டிசம்பரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் புரூஃப் பார்க்கும் அறை. சுவரில் ஏழு மொழிகளில் ஏழு மார்ச் மாதங்கள் தொங்கின. நடுவில் ஒரு சின்ன மேசை, நான்கு பென்சில்கள், ஒரு மனிதர். காதோரம் நரைத்த, சாந்தமான முகம். பேராசிரியையின் கணவர்.

"கிழமைன்னா நீங்கதானாமே சார்," என்றார் அண்ணி உட்கார்ந்தபடி. "வெளிய சொன்னாங்க. எந்தத் தேதியைச் சொன்னாலும் சொல்லிடுவீங்களாம்."

"முப்பத்தஞ்சு வருஷப் பழக்கங்க," என்று அவர் கூச்சத்தோடு சிரித்தார். "ஒரு கிழமை மாறிப்போனா பத்து லட்சம் வீட்டுச் சுவத்துல மாறிப்போகும்."

கொழுந்தனார் தன் பிறந்த தேதியைச் சொன்னார்.

"செவ்வாய்."

"அதான் உருப்படல," என்றார் அண்ணி. தன் கல்யாணத் தேதியைச் சொன்னார்.

"வெள்ளி."

"1583 மார்ச் இருபது."

"ஞாயிறு," என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. பென்சில் உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆனது. மேசைக்கடியிலேயே இருந்துவிடலாமா என்று யோசித்ததைப் போல இருந்தது.

"புதன்னு போட்டிருந்ததுங்க," என்றார் மேலே வந்ததும். "அந்த ஒண்ணுதான் அதுல எனக்குப் படிக்கத் தெரிஞ்சது. பெரிய எழுத்தராம், ராஜாவோட கப்பலாம், கிழமையைக்கூடச் சரியா போடத் தெரியல. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்ததுன்னு நினைக்கிறீங்க? அவன்கிட்ட நான் பாத்த முதல் தப்பு. அப்படியே விட்டிருக்கணும். கை கேக்கல."

"அவன்னா யாரு சார்? அந்தக் கப்பல் எழுத்தரா?" கொழுந்தனாருக்கு நம்ப முடியவில்லை. "செத்து நானூறு வருஷம் ஆச்சே."

"அதுதாங்க பிரச்சினை. உயிரோட இருந்தா குறட்டை விடுவான், ஈரத் துண்டைக் கட்டில்ல போடுவான், என்னைக்காவது மனசு விட்டுப் போகும். செத்தவனை என்ன பண்ண முடியும்? முப்பது வருஷமா எங்க சாப்பாட்டு மேசையில எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்திருக்கான். எனக்கு ஜுரம் வந்தப்போ என் பக்கத்துலயே உக்காந்திருந்தா, பாவம். உக்காந்து, அவனுக்கு மணிலாவுல ஜுரம் வந்ததைப் படிச்சுக் கண்ணீர் விட்டா."

அண்ணி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"மேசை மேல அந்தக் கடிதத்தோட பெரிய போட்டோ எப்பவும் கிடக்கும். ஆறு மாசம், அவ வேலைக்குப் போனதும், வரைஞ்சு வரைஞ்சு பழகினேன். காகிதம் எங்க கிடங்குல பழசு கிடந்தது. பெட்டியில அட்டையை வைக்கிறப்போ அவ பல்பு சரியில்லன்னு அந்தப் பக்கம் திரும்பினா. மாத்திட்டேன். அஞ்சு நாள் கண்காட்சி. முடிஞ்சு அட்டையை எடுக்கறப்போ திருப்பி வைச்சிருப்பேன்."

"எதுக்கு சார் இவ்வளவும்?"

அவர் கைகளை மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டார்.

"முந்தாநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தா. செருப்பைக்கூடக் கழட்டல. 'அந்தக் கையெழுத்து முன்னாடி நின்னா இன்னிக்கும் மனசு உருகுதுங்க'ன்னா. நான் சாம்பாரைக் கரண்டியால கலக்கிக்கிட்டு இருந்தேன். அவ பாத்தது என் கையெழுத்துங்க. மூணு நாள். மூணு நாளா அவ நின்னு உருகினது என் கையெழுத்தைப் பாத்து."

கொழுந்தனார் சுவரில் தொங்கிய மார்ச் மாதங்களை எண்ண ஆரம்பித்தார்.

"நாலு மணிக்கு அவங்களைத் திருடின்னு எழுதப் போறாங்க," என்றார் அண்ணி. "சாவி அவங்க கையில இருந்ததுதானே? காலையில பத்து மணிக்கே போலின்னு தெரிஞ்சு போச்சு."

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "பத்து மணிக்கேவா? எனக்கு ஒரு போன்கூடப் பண்ணலயே." அண்ணியை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களைக் கூப்பிட்டிருக்கா. என்னைக் கூப்பிடல."

இப்போது துப்பறிகிறவர்கள் மீதும் பொறாமை வந்துவிட்டது. ஆனால் கால்கள் எழுந்துவிட்டன. அலமாரியில் 'திருத்தம் முடிந்தவை' என்று எழுதிய கோப்பை உருவினார். இரண்டு மார்ச் தாள்களுக்கு நடுவில் அசல் கடிதம் ஒரு சுருக்கமில்லாமல் படுத்திருந்தது.

*

குழுத் தலைவர் மூக்குப்பொடி நிறத்தில் கோட்டுப் போட்ட, எதற்கும் அவசரப்படாத மனிதர். அவர் பேனா மூடியைத் திறந்து பேராசிரியையின் பெயரை எழுத ஆரம்பித்த அதே வினாடியில் கதவு திறந்தது. சிவப்பு மை தன் பேச்சுக்காக எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, முதல் வாக்கியத்தை வாயில் வைத்திருந்தார். பாவம், அது வாயிலேயே நின்றுவிட்டது.

கணவர் நேராகப் போய்க் கடிதத்தை மேசையில் வைத்தார்.

"எடுத்தது நான். மாத்தி வைச்சதும் நான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. முதல்ல அதை எழுதிக்குங்க."

தலைவர் எழுதினார். நூலகர் அசலை முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பேராசிரியை எழுந்திருக்கவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

அச்சகத்தில் சொன்னதைக் கணவர் திரும்பச் சொன்னார். ஆறு பேர் முன்னால் சொல்ல வேண்டியிருந்ததால் பாதியாகச் சுருங்கிவிட்டது. சாம்பாரும் ஜுரமும் இல்லை. "மூணு நாள் என் கையெழுத்தைப் பாத்தே," என்பது மட்டும் இருந்தது. பிறகு, கேட்கவே கூடாது என்று முப்பது வருடம் வைராக்கியமாக இருந்ததைக் கேட்டுவிட்டார்.

"அதுல அப்படி என்னதான் எழுதியிருக்கான்?"

பேராசிரியை அசல் கடிதத்தை இழுத்து வைத்து, நடுவில் ஒரு வரியில் விரலை வைத்து, சொந்தமாகவே மொழிபெயர்த்துக்கொண்டே படித்தார்.

"'உனக்கு எழுத்து தெரியாது. ஆகவே இதை உனக்கு வேறொருவன் வாசித்துக் காட்டுகிறான். என் வார்த்தையெல்லாம் அவன் வாயிலிருந்து வருகிறது. அவன் குரல் நன்றாக இருக்கிறதா? வாசிக்கிறவரே, ஐயா, இந்த இடத்தைக் கொஞ்சம் வேகமாக வாசியும். என் நாற்காலியில் உட்கார வேண்டாம். முடித்ததும் எழுந்து உம்முடைய வீட்டுக்குப் போய்விடும்.'"

கணவர் கடிதத்தைப் பார்த்தார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பார்வையில் பகை இல்லை.

"அவனுமா?" என்றார்.

தலைவர் கனைத்தார். பொருள் சேதமில்லாமல் வந்துவிட்டது. பேராசிரியை மீது எந்தக் குற்றமும் இல்லை என்று குறிப்பில் ஏறுகிறது. கணவர் கைப்பட மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், அவருடைய சொந்தக் கையெழுத்தில். இனி ஆயுள் முழுக்க அவர் எந்தக் கண்ணாடிப் பெட்டிக்கும் பத்தடிக்குள் வரக்கூடாது. எழுதி முடித்து மூடியைப் போட்டார்.

பேராசிரியை நீண்ட மூச்சு விட்டார். பிறகு சிவப்பு மையின் பக்கம் திரும்பினார். காலையிலிருந்து இல்லாத கனிவு அந்த முகத்தில் இருந்தது.

"நீங்க படிச்சிருக்காட்டி யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கே தெரியல. நன்றி."

"உங்க விஷயத்துல நான் எதையும் படிக்காம விடறதில்ல," என்றார் சிவப்பு மை. பேச முடியாமல் போன பேச்சின் மிச்சம் இன்னும் அவர் தொண்டையில் இருந்தது. "நீங்க எழுதினதுல நான் மூணு தடவை படிக்காத வரி கிடையாது. புத்தகம் கடைக்கு வந்தா முதல் பிரதி நான்தான் வாங்குவேன். முப்பது வருஷமா முதல் வாசகன் நான்தான்."

பேராசிரியை சிரித்தார். நல்ல, வாய் நிறைந்த சிரிப்பு.

கணவர் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். சிவப்பு மையைப் பார்த்தார். ஐந்து பேனாக்களையும் எண்ணினார். கொழுந்தனார் அண்ணியின் முழங்கையை இடித்தார்.

"அண்ணி, தப்பான ஆள் மேல முப்பது வருஷம் பொறாமைப்பட்டுட்டார் போல. இவரு உயிரோட இருக்காரு."

"பேசாம இருங்க தம்பி."

"பையில என்ன?" என்று கணவர் மனைவியைக் கேட்டார்.

"புத்தகத்தோட புரூஃப்."

"குடு."

"நானூத்தி அறுபது பக்கங்க. எல்லாம் ஸ்பெயின் வரலாறு."

"ஆயுசு முழுக்கக் கிழமையையே பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? குடு."

"எதுக்கு?"

"படிக்கத்தான்," என்றார் அவர்.

பேராசிரியை அவரையே பார்த்துக்கொண்டு பையை மெதுவாக நீட்டினார். அவர் வாங்கி, கூட்ட மேசையின் மூலையில் உட்கார்ந்து, பென்சிலைக் கூர் பார்த்து, முதல் பக்கத்தைத் திறந்தார்.

சிவப்பு மை நின்ற இடத்தில் நின்றபடி கழுத்தை மட்டும் நீட்டினார். பிறகு ஓரடி. பிறகு இன்னும் ஓரடி. கடைசியில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கணவரின் தோளுக்கு மேலாகப் படிக்க ஆரம்பித்தார். நூலகர் கேட்பாரில்லாமல் கிடந்த நானூறு வருடக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பூட்டப் போனார்.

"திருப்புங்க," என்றார் சிவப்பு மை.

"இருங்க. இன்னும் முடிக்கல."

"நான் முடிச்சுட்டேன்."

"முடிச்சிருப்பீங்க," என்று கணவர் பக்கத்தின் நடுவில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டார். "இங்க ஒரு தப்பு இருக்கு. உங்க கண்ணுல படல."

"எங்க?" என்றார் சிவப்பு மை.

முப்பது வருடத்தில் அந்த மனிதர் அப்படிக் கெஞ்சும் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை.